ஆறு வீட்டுக் களி

போன வாரம் பிரியா செம்மண்டலத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தாள். கடலூரில் நான் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த மருத்துவமனையில், உணவு ஆலோசனைப் பிரிவுக்கு இப்போது அவள்தான் தலைமை. எனக்குக் கீழே வேலை கற்றவள். புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பெண்களிடம் நான் வந்து பதினைந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டாள். கையோடு ஒரு டேப்லெட்டையும் கொண்டுவந்திருந்தாள். நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவை அதில் போட்டால் சாப்பாட்டுப் பட்டியல் தானே வந்து நிற்கிறது. பச்சை என்றால் சாப்பிடலாம், மஞ்சள் என்றால் அளவாக, சிவப்பு என்றால் கூடாது.

"சிவப்புன்னா சிவப்புதான் மேடம். பேசவே வேணாம். எவ்ளோ டைம் மிச்சம் பாருங்க" என்றாள்.

சிறுநீரக நோயாளிகளுக்கான பட்டியலைத் திறந்து காட்டினாள். சேனைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், மொச்சை, வெல்லம், தேங்காய் எல்லாம் வரிசையாகச் சிவப்பில் இருந்தன. டேப்லெட்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். "என்ன மேடம்?" என்றாள். "ஒண்ணுமில்ல, காபி ஆறுது, குடி" என்றேன். பேச வரமாட்டேன், எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கோபக்காரி என்று எனக்கு அங்கே பெயர் உண்டு. அழுமூஞ்சி என்ற பெயர் இல்லை. மூன்று சின்னப் பெண்கள் முன்னால் நின்று அதைப் புதிதாக வாங்கிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

மனையியல் படித்தேன், சென்னையில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தேன், கடலூரில் வேலை கிடைத்தது. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் உண்டு. உணவு அட்டவணைகளெல்லாம் தலைகீழ்ப் பாடம். நூறு கிராம் முருங்கைக்கீரையில் எது எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வேலை என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

அப்போது பிரிவின் தலைவி மார்கரெட் மேடம். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, சத்தமே வராத குரல். முதல் தடவை வரும் நோயாளியிடம் அவர் எந்தப் பட்டியலையும் கொடுக்க மாட்டார். "அடுத்த வாட்டி வரும்போது உங்க வீட்டுக் குழம்புக் கரண்டியும் தண்ணி குடிக்கிற டம்ளரும் கொண்டாங்க" என்று சொல்லி அனுப்புவார். ஜனங்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனால் கொண்டுவந்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் மேஜை பாத்திரக் கடை மாதிரி இருக்கும். அளவு ஜாடியிலிருந்து கரண்டியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, நோயாளியின் அட்டையில் எழுதுவார்: இந்த வீட்டுக் கரண்டி எண்பது மில்லி. அடுத்தவர் அட்டையில்: இந்த வீட்டுக் கரண்டி நூற்றி இருபது.

"அரை கப்புன்னு எழுதறியே, எந்தக் கப்பும்மா? உன் புஸ்தகத்துல இருக்கிற கப்பு அவங்க வீட்டு அலமாரியில இருக்கா?" என்று என்னைக் கேட்டிருக்கிறார்.

கேள்வி கேட்பதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று எடுத்தவுடன் கேட்க மாட்டார். நேற்று வீட்டில் யார் சமைத்தது, யார் கடைசியாகச் சாப்பிட்டது, யார் வீட்டுக்காவது போனீர்களா, யாராவது எதையாவது கொடுத்து அனுப்பினார்களா என்று வரிசையாகப் போகும். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பல சமயம் உண்மையான பதில் வரும். சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். அதில் எல்லா மதத்துப் பண்டிகைக்கும் பென்சிலில் வட்டம் போட்டு, அன்றைக்கு என்ன சமைப்பார்கள், அதை நம் நோயாளிக்கு எப்படி மாற்றிச் செய்வது என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவருக்கு, எங்கள் நோன்புகள் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தன.

சேர்ந்த முதல் வாரம் ஒரு ரத்தக்கொதிப்புக்காரருக்கு, 'கருவாடு கூடாது' என்று சிவப்புப் பேனாவால் எழுதிக் கொடுக்கப் போனேன். மார்கரெட் மேடம் காகிதத்தை வாங்கி, அந்த வரியை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டார்.

"கூடாதுன்னு சொல்றதுக்குப் படிப்பு எதுக்கு வசந்தா? அத எந்த மாமியாரும் சொல்லுவாங்களே" என்றார். கருவாட்டை இரண்டு தண்ணீரில் ஊறவைத்துக் கொட்டிவிட்டு, குழம்பில் உப்பே போடாமல், வாரத்துக்கு ஒரு நாள் என்று எழுதச் சொன்னார். எனக்கு ரோஷமாக இருந்தது. சொன்னபடி எழுதினேன்.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி வருவார். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்த சமயம், கட்டுக்குள் இருந்த சர்க்கரை திடீரென்று எகிறிவிட்டது. வீட்டில் எல்லாம் சொன்னபடிதான் நடந்தது. மார்கரெட் மேடத்தின் கடைசிக் கேள்வியில்தான் விஷயம் வெளியே வந்தது. பத்திரிகை வைக்க ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு ஏறி இறங்குகிறார். பன்னிரண்டு வீட்டிலும் சர்க்கரை தூக்கலாகக் காபி.

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே" என்றேன் நான்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நல்லாச் சொன்னம்மா. பத்திரிகை வெக்கப் போன எடத்துல காபி வேணாம்னு எழுந்து வந்தா, நாளைக்கு அவன் எங்கூட்டுக் கல்யாணத்துல கை நனைப்பானா?"

மார்கரெட் மேடம் சிரித்தார். "வேணாம்னு சொல்லாதீங்க ஐயா. உக்காந்த உடனே, மாத்திரை போடணும், ஒரு டம்ளர் வெந்நீர் குடுங்கன்னு நீங்களே கேட்டுடுங்க. குடுத்த திருப்தி அவங்களுக்கும் இருக்கும்." அடுத்த மாதம் சர்க்கரை இறங்கியிருந்தது. கல்யாணச் சீர்முறுக்கோடு வந்தார். அதற்கும் மேடம் ஒரு கணக்குச் சொல்லி, பாதி முறுக்கை அவரையே சாப்பிட வைத்தார்.

பதினாறு வருஷம் மேடத்திடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றுப் போகும்போது அந்தக் காலண்டரைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். கூட்டம் கூடியது. டயாலிசிஸ் பிரிவு வந்தது. படம் போட்டு, வண்ணத்தில், தமிழில் ஒரு உணவு அட்டையை நானே தயாரித்தேன். சாப்பிட வேண்டியவை ஒரு பக்கம், கூடாதவை மறுபக்கம். நிர்வாகம் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டியது. கரண்டி கொண்டுவரச் சொல்வதை நிறுத்திவிட்டேன். காலண்டர் பீரோவுக்குள் போயிற்று. நேரமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் நேரம் அல்ல, திமிர். எல்லாம் அட்டையிலேயே இருக்கிறது என்ற திமிர்.

அந்த நாட்களில்தான் தண்டபாணி வந்தார். சிதம்பரம் வடக்கு வீதியை ஒட்டிய ஒரு சந்தில் தையல் கடை வைத்திருந்தவர். ஐம்பத்தாறு வயது. கொதிப்பைக் கவனிக்காமல் விட்டு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். மனைவி மங்கையர்க்கரசியோடு காலை பஸ் பிடித்துக் கடலூர் வருவார். "ஊருக்கே அளவெடுத்தவன் மேடம் நானு. இப்ப நீங்க எனக்குத் தண்ணி அளந்து ஊத்துறீங்க" என்று சிரிப்பார். ஒரே மகன் வெளியூரில் வேலையாக இருந்தான்.

சிறுநீரகம் போனவருக்குப் பொட்டாசியம் எமன். உடம்பில் சேர்ந்தால் வெளியே போக வழியில்லை. அளவு மீறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். மங்கையம்மா மாதிரி அந்த அட்டையைக் கடைப்பிடித்தவர்களை நான் பார்த்ததில்லை. காயைச் சின்னதாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அதைக் கொட்டி, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடிப்பார். எட்டு மாதம் தண்டபாணியின் ரத்தம் சொன்னபடி கேட்டது. மற்ற நோயாளிகளிடம் அவர் முடிவுகளைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வேன்.

மார்கழி வந்தது. ஒரு சனிக்கிழமை, வெளிநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது மங்கையம்மாவிடமிருந்து போன் வந்தது.

"மேடம், திங்கக்கெழம திருவாதிரைங்க. களியும் ஏழுகறிக் கூட்டும் செய்யணும். அவருக்கு ஒரு வாய் குடுக்கலாங்களா?"

திருவாதிரை அன்று சிதம்பரத்தில் அந்தக் கூட்டு வைக்காத அடுப்பு இருக்காது. வெல்லமும் பாசிப்பருப்பும் தேங்காயும் போட்ட களி. சேனை, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், மொச்சை என்று ஏழு காய் சேர்ந்த கூட்டு. என் அட்டையின் கூடாத பக்கம் முழுக்க ஒரே சட்டியில் கொதிக்கிற மாதிரி.

"அம்மா, அதுல இருக்கிறது எல்லாமே அவருக்கு விஷம். ஒரு வாய்னு ஆரம்பிச்சா நிக்காது. இந்த வருஷம் செய்யவே செய்யாதீங்க. வீட்டுல இருந்தாத்தானே அவரு கேப்பாரு."

"இல்லீங்க மேடம், அது நோன்புங்க. அவருக்கு ஆயுசு கெட்டியா இருக்கணும்னுதான் சரடு மாத்திக் களி படைக்கிறது. முப்பது வருசமா விட்டதில்ல."

"அவரு இருக்கணும்னுதான் நானும் சொல்றேன். நோன்பு முக்கியமா, ஆளு முக்கியமா?"

"சரிங்க மேடம்" என்றார். போனை வைத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பதிவேட்டில் 'பண்டிகை உணவு பற்றி அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை தண்டபாணியின் படுக்கை காலியாக இருந்தது. சிதம்பரம் பஸ் நிலையத்தில், கடலூர் பஸ்ஸில் ஏறக் கம்பியைப் பிடித்தவர் அப்படியே சரிந்துவிட்டார். அங்கேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். உயிர் இல்லை. பொட்டாசியம் ஏறித்தான் போயிருப்பார் என்றார் எங்கள் டாக்டர். "நாம சொல்லியாச்சு, அவங்க கேக்கல. என்ன பண்றது" என்று என் தோளைத் தட்டினார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். சொன்னேன், கேட்கவில்லை. இருபது நாள் அந்த வார்த்தையோடுதான் சாப்பிட்டேன், தூங்கினேன்.

காரியம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை துக்கம் கேட்கப் போனேன். தையல் மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. மங்கையம்மா பாய் விரித்து உட்காரச் சொன்னார். அவர் அழவில்லை. நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"நீங்க சொன்னாப்புலயே நான் செய்யல மேடம். வெத்தல பாக்கு வாழப்பழம் வெச்சிச் சரடு மாத்திக்கிட்டேன். தெருவுல எல்லா வூட்டுலயும் வெல்லப்பாகு வாசன. எங்க வூட்டுல மட்டும் ஒண்ணுமில்ல. எதிர்வூட்டு அக்கா வந்து, ஏன் மங்க, பங்காளிங்க யாராவது தவறிட்டாங்களான்னு கேட்டுச்சி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. துக்கம் விழுந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை இல்லை. அந்த வீட்டு அடுப்பில் பலகாரம் வேகாது. ஆனால் பண்டிகை அன்று அந்த வீட்டை யாரும் பட்டினி போட மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டில் செய்ததைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சிதம்பரம் என்றில்லை, எங்கள் செம்மண்டலத்திலும் அப்படித்தான். நானே எத்தனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

"விசயத்தச் சொன்னேன் மேடம், இவருக்கு ஆவாதுன்னு. யாரு கேக்கறாங்க? செய்யாத வூடுன்னு பாவப்பட்டு மத்தியானத்துக்குள்ள ஆறு வூட்டுலேர்ந்து கிண்ணம் வந்துடுச்சி. எல்லாத்தையும் மூடி வெச்சிட்டு, தரிசனம் பாத்துட்டு வந்துடறேன்னு கோயிலுக்குப் போனேன். கூட்டத்துல மாட்டிக்கிட்டேன். திரும்பி வந்து பாத்தா ஆறு கிண்ணத்தையும் கழுவிக் கவுத்து வெச்சிருக்காரு."

ஏன் சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். தண்டபாணி சொன்ன பதிலை அவர் சொன்னபடியே மங்கையம்மா என்னிடம் சொன்னார். "ஒவ்வொண்ணுலயும் ஒரு கரண்டிதான் இருந்துச்சி மங்க. நாலு வூட்டுதச் சாப்ட்டு ரெண்டு வூட்டுத விட்டா அவுங்க மனசு என்னா ஆவும்? நம்ம வூட்டுல நீ செஞ்சிருந்தா அதுல ஒரு வாய் போட்டுக்கிட்டு, ஆச்சு, சாப்ட்டேன்னு சொல்லி எல்லாருதையும் மத்தவங்களுக்குக் குடுத்திருப்பேன்."

ஆறு கரண்டி. எந்த வீட்டுக் கரண்டி எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். அந்த ஆறு வீட்டிலும் யாரும் காயை ஊறவைத்து வடித்திருக்க மாட்டார்கள். அந்தத் தெருவில் அதைச் செய்யத் தெரிந்த ஒரே கையை, அன்றைக்கு அடுப்பு மூட்ட வேண்டாம் என்று நான்தான் கட்டிப்போட்டேன்.

இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மங்கையம்மா சொன்னார்: "அவரு உசுரோட இருக்கும்போதே துக்க வூடு மாதிரி வெச்சிட்டேன் மேடம். முப்பது வருசம் விடாத நோன்ப அந்த வருசம் விட்டேன். அதான் சாமி எடுத்துக்கிச்சி. எம்மேலதான் தப்பு."

அவர் ஒரு கணக்கில் தன்னைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டிருந்தார். என் கணக்கு வேறு. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் அந்தச் சனிக்கிழமைப் போனில்தான் வந்து நிற்கிறது. உங்கள் மேல் தப்பில்லை என்றேன். என் மேல்தான் என்று சொல்லவில்லை. காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது மார்கரெட் மேடத்துக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நான் நல்லதுக்குத்தான் மேடம் சொன்னேன்."

"தெரியும் வசந்தா" என்றார். பிறகு, "அவங்க வீட்டுக் கரண்டி எவ்வளவு பிடிக்கும்?" என்று கேட்டார்.

எட்டு மாதமாக வாரத்துக்கு இரண்டு தடவை பார்த்த குடும்பம். எனக்குத் தெரியவில்லை. அவர் திட்டவில்லை. அந்த அம்மாவுக்காக ஜெபம் செய்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் வராந்தாவிலிருந்து அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றச் சொன்னேன். காலண்டரை வெளியே எடுத்தேன். மார்கழிப் பக்கத்தில் திருவாதிரைக்கு வட்டம் போட்டு, களிக்கும் கூட்டுக்கும் மாற்றுச் செய்முறை மார்கரெட் மேடத்தின் பென்சில் எழுத்தில் இருந்தது. எத்தனையோ வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. கரண்டி கொண்டுவரச் சொல்வதை மறுபடி ஆரம்பித்தேன். பிரியாவுக்கு ஞாபகம் இருக்கும், அப்போது அவள் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது.

அடுத்த மார்கழி அந்த வீட்டுக்குப் பண்டிகை இல்லை. அதற்கடுத்த மார்கழி, நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால், ஒருநாள் வரிசையில் மங்கையம்மா உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விபூதி மட்டும். முறை வரும்வரை காத்திருந்துதான் உள்ளே வந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க மேடம். எங்க பின் தெருவுல ஒரு அண்ணனுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்காங்க. திருவாதிரை வருது. களி செய்யலாமா கூடாதான்னு அவரு சம்சாரம் என்னத்தான் வந்து கேக்குது. பாவம், கண்ணு கலங்குது அதுக்கு. போன்ல கேட்டா சரியா வராதுன்னு நேர்லயே வந்துட்டேன்."

பையிலிருந்து ஒரு பழைய அட்டையை எடுத்தார். நான் தயாரித்த அதே வண்ண அட்டை. மேலே தண்டபாணி என்று என் கையெழுத்தில் இருந்தது. அதைத் திருப்பி, வெறுமையாக இருந்த ஓரத்தில் எழுதப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

நான் சொன்னேன். வெளியே வரிசை நின்றது, நிற்கட்டும். ஏழு காய் என்பதுதானே முறை, ஆறு நீர்க்காயாகப் போடுங்கள் என்றேன். சுரை, பீர்க்கு, புடலை, கோவை, சௌசௌ, வெள்ளைப்பூசணி. ஏழாவதாகப் பேருக்கு ஒரு துண்டு சேனை. எல்லாவற்றையும் சின்னதாக நறுக்கி வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்துக் கொட்டிவிட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்க வேண்டும். களிக்கு வெல்லத்துக்குப் பதில் சர்க்கரை, பருப்பு ஒரு சிட்டிகை, தேங்காய் வேண்டாம். அவர்கள் வீட்டுக் கரண்டி எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டேன். மங்கையம்மா உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். "எங்க வூட்டுது மாதிரிதான் மேடம், இவ்வளவு புடிக்கும்." அதில் அரைக் கரண்டி களி, அரைக் கரண்டி கூட்டு என்றேன். டாக்டரிடம் கேட்டு டயாலிசிஸை முந்தின நாளுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன். மற்ற வீட்டுக் கிண்ணங்களை வாங்கி வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்குப் பரிமாறட்டும், இவர்கள் வீட்டிலிருந்தும் எல்லோருக்கும் கிண்ணம் போகட்டும் என்றேன்.

ஒவ்வொரு வார்த்தையாக எழுதிக்கொண்டார். எழுதி முடித்து ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இவ்வளவுதானாங்க மேடம்?"

"இவ்வளவுதாம்மா" என்றேன்.

அட்டையை நான்காக மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டார். பதினோரு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் அந்த அம்மா காய் வாங்கக் கடைக்குப் போவதற்குள் சொல்ல முடியும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.